வறைக்கு நறுக்கிய குருத்து

பாண் வெட்டுகிற பழைய கத்தியை ஹொஸ்ரா என்கிற அலங்கார இலைச்செடித் தூரின் நடுவில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள், அது நறுக்கென்று பிளந்தது, பூசணிக்காயை ஒரே வெட்டில் பிளந்ததுபோல பத்மாசனிக்கு ஒரு திருப்தி வந்தது, வந்த திருப்தி நிலைக்கக்கூட இல்லை, அதற்குள் அந்த வேர் கண்ணில் பட்டது. பிளந்த இரண்டு பாதிக்கும் நடுவில் நூல்போலத் தொங்கியது. வெள்ளை வேர். ஹொஸ்ராவின் வேர் இப்படி இராது, அது அவித்த ஸ்பகற்றி மாதிரித் தடிப்பாகத் தூரிலிருந்து கொத்தாகக் கீழே இறங்கும். ஸ்காபரோவில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் தோண்டி, பிளந்து, மகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் கோயிலில் பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் பங்கு வைக்கிறவளுக்கு அது தெரியாதா. இது மணிப்பூவின் வேர். அவள்தான் அதற்கு அப்படிப் பெயர் வைத்திருந்தாள், வீட்டை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரக் கிழவி வேலியோரமாக நட்டுவிட்டுப் போனது, குட்டிக் குட்டி வெள்ளை மணிகளாகப் பூக்கும், வாசம் என்றால் அப்படியொரு வாசம். ஒருமுறை அதைப் பிடுங்கிக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டுப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தபோது, மருந்துக் கடையில் வேலை செய்கிற மகள் ஆரபி வந்து பார்த்துவிட்டு, தம்ளரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கக்கூசுக்குள் கவிழ்த்தாள். "அம்மா, உது நஞ்சு. பூ, இலை, வேர், பூப் போட்டு வைச்ச தண்ணிகூட. இருதயத்தைப் பிடிச்சு நிப்பாட்டிப்போடும்." சரி, நஞ்சு என்றால் நஞ்சு, பிள்ளையாருக்கு வேறு பூவா இல்லை என்று அதோடு விட்டுவிட்டாள். வேலியோரத்தில் இருந்தது வேலியோரத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தாள். அது இருக்கவில்லை. மண்ணுக்குக் கீழே, யாருக்கும் சொல்லாமல், ஹொஸ்ராப் பாத்திக்குள் வந்திருக்கிறது. காலையில், தூறலுக்குள், மூக்குக்கண்ணாடி போடாமல், இதே பாத்தியில்தான் அவள் ஹொஸ்ராக் குருத்து அரிந்தாள். அரிந்ததை வறை செய்தாள். வறையைப் புருசனுக்குப் போட்டாள். போன வருசம் நெஞ்சைப் பிளந்து மூன்று குழாய் மாற்றிய மனிசன், இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருக்கிறார்.

இல்லை, அப்படியிராது. அவளுக்கு ஹொஸ்ராவைத் தெரியாதா. குருத்து சுருட்டின வெற்றிலை மாதிரி மண்ணைக் குத்திக்கொண்டு வரும், அடியில் கொஞ்சம் ஊதா நிறம், விரித்துப் பார்த்தால் இலை நரம்பெல்லாம் காம்பிலிருந்து நுனி வரைக்கும் வளைந்து ஓடும். தெரியும், நன்றாகத் தெரியும். ஆனால் மணிப்பூவின் குருத்தும் அப்படித்தானே வரும், சுருட்டிக்கொண்டு, அடியில் ஊதாவோடு. ஒரு வித்தியாசம், அது மெல்லிசு. பென்சில் அளவு. அரிந்ததுக்குள் மெல்லிசாகச் சிலது இருந்ததே. இருந்தது. நறுக்கும்போது கையில் பட்டது, இது பிஞ்சு, கெதியாய் அவியும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது, நினைத்துச் சந்தோசப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது, பாழாய்ப்போன சந்தோசம். இந்தச் சனியனை யார் தின்னச் சொன்னது. பக்கத்து வீட்டுக் கொரியாக்காரி மிஸிஸ் பெக் சொன்னாள். போன கிழமை வேலிக்கு மேலால் எட்டி, ஒரு குருத்தை ஒடித்து, தன் சட்டையில் துடைத்து, நறுக்கென்று கடித்துக் காட்டினாள், எங்கள் நாட்டில் இதை அவித்து எள்ளெண்ணெய் விட்டுச் சாப்பிடுவோம் என்றாள். பத்மாசனிக்கு அதற்குமேல் என்ன வேண்டும். பச்சையாக ஒன்று கண்ணில் பட்டு, அதைத் தின்னலாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டால், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, மஞ்சள் தூவி, தேங்காய்ப்பூப் பிரட்டி வறை செய்து பார்க்காமல் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரி இனிமேல்தான் பிறக்கவேண்டும். கரட் இலையில் வறை செய்தாயிற்று, பீற்றூட் இலையில் செய்தாயிற்று, கடைக்காரன் வெட்டி எறிகிற முள்ளங்கி இலையைக் கேட்டு வாங்கிச் செய்தாயிற்று. ஆனால் மிஸிஸ் பெக் அன்றைக்கு வேறு ஏதோ சொன்னாள். குருத்தைக் கடித்துக் காட்டிய பிறகு வேலியோரத்தைப் பார்த்து, "நோ, நோ" என்று கையை ஆட்டினாள். எதைப் பார்த்து? வேலியோரத்தில் வேறு என்ன இருக்கிறது, மணிப்பூதான் இருக்கிறது. அப்போ அவள் அதைத்தான் காட்டியிருக்கிறாள், இதைத் தின், அதைத் தின்னாதே என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறாள், இவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, தேங்காய் வாங்கவேணும் என்று நினைத்துக்கொண்டு நின்றாள். போய்க் கேட்கலாமென்றால் மிஸிஸ் பெக் வீட்டு வாசலில் காரைக் காணவில்லை. நறுக்கின மிச்சம் ஏதாவது கிடந்தால் பார்க்கலாம், அதையும் பச்சைத் தொட்டியில் போட்டாள், வெள்ளிக்கிழமை, குப்பை வண்டி காலையிலேயே வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

எழும்பிப்போய் வலைக்கதவில் முகத்தை ஒட்டினாள். பரராசசிங்கம் சாய்வு சோபாவில், வாயைத் திறந்துகொண்டு, பேப்பரை வயிற்றில் கவிழ்த்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பேப்பர் ஏறி இறங்குகிறது. குறட்டை வருகிறது. இத்தனை வருசக் கலியாணத்தில் அந்தக் குறட்டையை எத்தனை தரம் சபித்திருப்பாள், தலையணையால் காதைப் பொத்தியிருப்பாள், விலாவில் இடித்திருப்பாள், இப்போது அது ஒரு இழுப்புத் தவறிப் பிந்தினாலும் இவளுடைய மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது. விடு, விடு, பெரிசாய் விடு. பின்வளவில் யாரோ புல்லு வெட்டுகிற மெசினைத் தொடக்கினான், குறட்டை அதற்குள் அமிழ்ந்துபோயிற்று, பேப்பரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஏறியது. இறங்கியது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எப்போதும் படுக்கிறவர்தான். ஆனால் இப்படியா, இவ்வளவு அசந்தா? இருதயம் மெல்ல மெல்லக் குறைகிறவர்களுக்கு நித்திரை வருமோ? எழுப்பிக் கேட்கலாம். எழுப்பி என்னவென்று கேட்பது, உங்களுக்கு வயிற்றைப் பிரட்டுதோ, நான் நஞ்சு போட்டனான் என்றா? அம்புலன்சைக் கூப்பிடலாம். மாசி மாதம் கூப்பிட்டாள். நெஞ்சுக்குள் ஏதோ செய்யுது என்று அவர் சொன்னதும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கூப்பிட்டு, தீயணைக்கிற வண்டியும் சேர்ந்து வந்து, தெரு முழுக்கச் சிவப்பு வெளிச்சம் சுற்றி, கடைசியில் அது கடலைப் பருப்பு வடை செய்த வாய்வு. அவர் வெட்கத்தில் ஒரு கிழமை வெளியில் இறங்கவில்லை. "இனி நான் செத்தாப்பிறகு கூப்பிடும், போதும்" என்றார். அந்த வாயை அப்போது அடித்திருக்கவேண்டும். ஆரபிக்குப் போன் அடிக்கலாம், அவள் வேலையிலிருந்து அழுதுகொண்டு ஓடிவருவாள், வந்து, அம்மாவைச் சமைக்க விடக்கூடாது என்று முடிவு கட்டுவாள், கட்டட்டும், அதெல்லாம் பிறகு. பத்மாசனி மேற்சட்டைப் பையில் போனைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள்: அரிந்த அடிக்கட்டை எல்லாம் பாத்தியில் அப்படியேதான் நிற்கிறது. ஒவ்வொன்றாகக் கிளப்பி வேரைப் பார்க்கிறது. தடித்த வேர் என்றால் ஹொஸ்ரா. ஒரு கட்டைக்காவது நூல் வேர் இருந்தால் அடுத்த நிமிசம் அம்புலன்ஸ், தெருவென்ன, ஊரே வந்து வேடிக்கை பார்க்கட்டும்.

முதலில் பெரிய நீல ஹொஸ்ரா. மண் கிண்டுகிற சவளைச் சுற்றிவரக் குத்தி, நெம்பி, தூரை ஒரு பக்கமாகப் புரட்டினாள். பயம் இருக்கிறவனுக்குப் பலம் வரும் போலிருக்கிறது, வழக்கமாக அவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்கிற தூர், இன்றைக்குச் சோற்றுப் பானை மூடி மாதிரி எழும்பி வந்தது. அரிந்த கட்டைகள் மேலே, வெங்காயத்தாளை நறுக்கிவிட்ட மாதிரி, வெட்டுமுகத்தில் சாறு காய்ந்து நின்றன. மண்ணை உதறினாள். தடித்த வேர். ஒவ்வொரு கட்டையையும் விரலால் பிடித்துக் கீழே தடவிக்கொண்டு போனாள், அது எங்கே போய் முடிகிறது, தூரில் முடிகிறது, தூரிலிருந்து தடித்த வேர் இறங்குகிறது. சரி. இது ஹொஸ்ரா. அடுத்தது வெள்ளைக் கரை போட்ட இலைக்காரி, கோயிலில் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள், சேலைக்குக் கரை பிடித்த மாதிரி இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். அதையும் புரட்டினாள். தடித்த வேர். கட்டை எல்லாம் தூரோடு. இதுவும் ஹொஸ்ரா. அவருக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாடு பிடிக்கும், உறைப்புப் பிடிக்கும், தேங்காய்ப்பால் பிடிக்கும், ஒப்பரேசனுக்குப் பிறகு எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டாள், உப்பைப் பிடுங்கினாள், பொரியலைப் பிடுங்கினாள், சொதியில் பாலுக்குப் பதில் தண்ணீரை விட்டாள், அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலாவது சண்டை பிடித்திருக்கலாம். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வாயாக விழுங்கிவிட்டு எழும்பிப் போவார். இன்றைக்குத்தான், முதல் வாய் வைத்தவர் நிறுத்தி, "உதென்ன கீரை?" என்று கேட்டார். சொன்னாள். "எங்கட வளவிலயோ?" என்று ஆச்சரியப்பட்டார். "இன்னும் கொஞ்சம் போடும். இண்டைக்குத்தான் மனிசர் தின்னுற சாப்பாடு." அதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது, கலங்கினதை மறைக்கச் சட்டியை எடுக்கப் போனாள், போட்டாள், கை நிறையப் போட்டாள். அந்தக் கையைத்தான் இப்போது மண்ணுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கடவுளே, அவர் ஆசையாய்ச் சாப்பிட்ட ஒரேயொரு சாப்பாடு, அதுவா, அதிலயா.

மிச்சம் இருப்பது வேலிக்குப் பக்கத்துச் சின்ன மஞ்சள் ஹொஸ்ரா. அதை வேண்டுமென்றே கடைசிக்கு விட்டிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியும். இங்கேதான் இரண்டும் கலந்து நிற்கிறது. காலையில் ஒரே பச்சையாகத் தெரிந்த இடம், இப்போது மூக்குக்கண்ணாடியோடு குனிந்து பார்த்தால், அடப்பாவி, எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது: ஹொஸ்ரா ஒரு தூரிலிருந்து பூவிதழ் மாதிரிச் சுற்றிவரக் கிளம்பியிருக்கிறது, மணிப்பூ தனித்தனியாக, ஒரு இலைக்குள் இன்னொரு இலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அங்கொன்று இங்கொன்றாக எட்டி எட்டி நிற்கிறது, ஒன்றிரண்டில் மொட்டுக்கூட, கடுகளவு. இதைப் பார்க்காமல் எப்படி அரிந்தாள்? இதைப் பார்த்து விலத்தி அரிந்தாளா? கையைக் கேட்டால் கைக்கு ஞாபகம் இல்லை. இந்தப் பக்கம் அரிந்த கட்டைகள் மெல்லிசு. பென்சில் அளவு. புல்லு வெட்டுகிற மெசின் நின்றது. குறட்டை கேட்கவில்லை. காதைத் தீட்டினாள், ஒரு காகம் கத்தியது, எங்கேயோ ஒரு கார்க் கதவு சாத்துப்பட்டது, குறட்டை கேட்கவில்லை, எழும்பி ஓடவேணும், சவளை ஊன்றிக்கொண்டு எழும்பப் பார்த்தாள், "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட வாயைத் திறந்தாள், அந்த நேரம் உள்ளிருந்து ஒரு பெரிய இழுப்பு, மரம் அரிகிற மாதிரி, பிறகு இன்னொன்று. பத்மாசனி மண்ணில் அப்படியே இருந்துவிட்டாள். இருந்தபடியே சவளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் மண்ணைக் கிண்டினாள். நூல் வேர் வந்தது. ஒன்று, பிறகு வலை மாதிரிப் பல. ஒரு கை போன் இருக்கிற பைக்குப் போயிற்று, மற்றக் கை நூல் வேரை விடாமல் பிடித்துக்கொண்டு, அது போன வழியே போயிற்று, மஞ்சள் ஹொஸ்ராவின் தூருக்குள் ஒரு பக்கத்தால் நுழைந்து, மறுபக்கத்தால் வெளியே வந்து, அங்கே முடிந்தது, ஒரு மணிப்பூக் குருத்தில். முழுக் குருத்து. நுனி வரைக்கும் இருந்தது, கத்தி படாத குருத்து. அடுத்த நூலைப் பிடித்தாள், அதுவும் ஒரு முழுக் குருத்தில் போய் முடிந்தது. அடுத்தது. அடுத்தது. ஒன்றிலும் வெட்டுமுகம் இல்லை. அரிந்த கட்டைகளை இந்தப் பக்கமிருந்து பிடித்தாள், மெல்லிசுக் கட்டைகள், ஒவ்வொன்றும் தூரில் போய்ச் சேர்ந்தது, தூருக்குக் கீழே வேர், சின்னச் செடிக்குச் சின்ன வேர், என்றாலும் நூல் இல்லை, கொத்தாக, சதைப்பிடிப்பாக, ஹொஸ்ராவின் வேர். சின்ன ஹொஸ்ரா. சின்ன ஹொஸ்ராவுக்கு மெல்லிசாய்த்தானே குருத்து வரும். அதுதானே. மெல்லிசு என்றால் மணிப்பூவா, மெல்லிசான பிள்ளைகள் வேறு வீட்டிலும் பிறக்கும்.

திரும்பவும் பார்த்தாள். எல்லாத் தூரையும் புல்லில் வரிசையாக வைத்து, தோட்டக் குழாயால் தண்ணீர் அடித்து, கழுவி, விரித்து, பல்லைப் பார்க்கிற டொக்டர் மாதிரி ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தாள். ஹொஸ்ரா. ஹொஸ்ரா. எல்லாம் ஹொஸ்ரா. கண்ணாடி போடாத கண்ணுக்குத் தெரியாததைக் கைக்குத் தெரிந்திருக்கிறது, அல்லது பிள்ளையார் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், யாராக இருந்தாலும் அவருக்குக் கோடி புண்ணியம். அப்போதுதான், சம்பந்தமே இல்லாமல், அல்லது இனி வந்தால் பரவாயில்லை என்று காத்திருந்த மாதிரி, மிஸிஸ் பெக்கின் நாய் ஞாபகத்துக்கு வந்தது. வெள்ளைக் குட்டி நாய், அன்றைக்கு வேலிக்குக் கீழே பள்ளம் தோண்டிக்கொண்டு நின்றது. "நோ, நோ" என்று அவள் கையை ஆட்டினது அதற்கு. நாய்க்குச் சொன்னதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு பத்மாசனி செத்துப் பிழைத்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்தது, நல்ல அழுகை, மூக்கால் வழிய வழிய, ஈர மண்ணில் காலை நீட்டி இருந்துகொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற துணிவில் அழுதாள். காற்று குளிர்ந்து வீசியது. உடம்பில் கட்டி வைத்திருந்த ஏதோ ஒன்றை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல, கை கால் எல்லாம் இளகி, நித்திரை வருகிற மாதிரிச் சுகமாக இருந்தது.

வலைக்கதவு இழுபட்டது. பரராசசிங்கம் சாரத்தை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து, பாத்தி இருந்த இடத்தைப் பார்த்தார், புல் முழுக்கப் பரந்து கிடந்த செடிகளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"என்ன பத்மா, வளவை உழுதுபோட்டீர்? நெல்லு விதைக்கப் போறீரோ?"

"பிரிச்சு நடத்தான்" என்று சொல்லிச் சமாளிக்க நினைத்தாள். வாயில் வந்தது வேறு. "நான் உங்களுக்கு நஞ்சைத் தந்திட்டன் எண்டு பயந்திட்டன்" என்றாள். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை, மணிப்பூ, நூல் வேர், கண்ணாடி போடாதது, ஆரபி சொன்னது, குறட்டை நின்றது, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினாள். "ஒண்டுமில்லை, எல்லாம் ஹொஸ்ராதான், ஒவ்வொண்டாப் பாத்திட்டன். உங்களுக்கு ஒண்டும் செய்யாது."

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் முதலில் ஒரு கேலி வந்தது. "உம்மட கையால இவ்வளவு காலம் சாப்பிட்டுத் தப்பினவன், ஒரு கீரையிலயோ போகப்போறன்?" என்றார். தன் பகிடிக்குத் தானே சிரித்தார். சிரித்துக்கொண்டே படியிறங்கினவர் பாதியில் நின்றார்.

"நீரும் சாப்பிட்டனீரோ?"

பத்மாசனி விழித்தாள். சாப்பிட்டாள். அவர் எழும்பின பிறகு, சட்டியில் மிஞ்சின வறைக்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டி, வழித்துச் சாப்பிட்டாள். வேர் கண்ணில் பட்டதிலிருந்து இந்த நிமிசம் வரைக்கும் அது அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

"ஓம்" என்றாள். "மிஞ்சினதை."

பரராசசிங்கத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. குனியக்கூடாது என்று டொக்டர் சொன்னதை அவள் நினைவுபடுத்த முன்னமே அவர் புல்லில் குந்தி, நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பக்கத்தில் கிடந்த தூரை எடுத்தார்.

"எங்கை, அந்த வேரைக் காட்டும்."

"நான் பாத்திட்டன் எண்டுறன்."

"நீர் எனக்காகத்தானே பாத்தனீர், உமக்காகப் பாக்கேல்லையே" என்றார். "இது மெல்லிசாக் கிடக்கு. இது நிச்சயமோ?"

"நிச்சயம்."

"இது?"

"அதுவும் ஹொஸ்ராதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லும், பத்மா" என்றார். அவள் அவருக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, எல்லாத் தூரையும் திரும்ப ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.